இனமாற்றமில்லாப் பெருக்கல்: ஒரு செயலிக் கட்டளையைக் கையாளும் முறை

தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கூட்டல் இரண்டு பாடமாக வரும். முதலில் இனமாற்றமில்லாக் கூட்டல், பிறகு இனமாற்றத்துடன் கூட்டல். 23-ம் 14-ம் சேர்ந்தால் 37, யாருக்கும் சிக்கலில்லை. 27-ம் 15-ம் வரும்போதுதான் ஒன்றின் இடத்தில் 12 வந்து நிற்கிறது. 2-ஐ எழுதிவிட்டு ஒரு பத்தைப் பக்கத்து இடத்துக்கு ஏற்ற வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். சிப் வடிவமைப்பவர்களுக்கும் தலைவலி அங்கேதான். 64 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும்போது கடைசி இடத்தில் பிறந்த ஒன்று, வரிசையாக எல்லா இடங்களையும் தட்டிக்கொண்டு முதல் இடம்வரை போகக்கூடும். அந்த ஓட்டத்தைச் சுருக்கத்தான் கூட்டல் சுற்றுகளில் இத்தனை வித்தைகள் கண்டுபிடிக்கப்பட்டன.

அந்த இனமாற்றத்தை அடியோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம். விட்டுவிட்டால் விடை தப்பாகுமே என்று தோன்றும். தப்பாகாது, வேறொரு கணிதத்தின் சரியான விடையாகும். நீங்கள் ஒரு வலைத்தளத்தைப் பாதுகாப்பான இணைப்பில் திறக்கும்போதும், ஜிப் கோப்பைப் பிரிக்கும்போதும், பிஎன்ஜி படத்தைப் பார்க்கும்போதும் அந்தக் கணிதம்தான் ஓடுகிறது. அதற்கென்றே செயலிக்குள் தனிக் கட்டளை இருக்கிறது. இன்டெல் அதற்கு வைத்த பெயர் பிசிஎல்முல்கியூடிகியூ. நாம் இனி பிசிஎல்முல் என்றே சொல்வோம்.

கையால் ஒரு முறை

கட்டளையைத் தொடும் முன் தாளில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13-ஐயும் 11-ஐயும் எடுத்துக்கொள்வோம். இருமத்தில் 1101, 1011. வழக்கமான பெருக்கலைப் போலவே வரிசை வரிசையாக எழுதுங்கள். கூட்டும் இடத்தில் மட்டும் கூட்டாமல் எக்ஸார் செய்யுங்கள். அதாவது ஒரு பத்தியில் இருக்கும் 1-களை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. பக்கத்து இடத்துக்கு எதுவும் ஏறாது.

      1101
     1101
    0000
   1101
   -------
   1111111

விடை 127. வழக்கமான பெருக்கலில் 143 வரும். இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குட்டிக் கணக்கை நான் இன்றும் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன். 127 வந்தால் பாதி நிம்மதி. 143 வந்தால் சாதாரணப் பெருக்கல் கட்டளையைத்தான் அழைத்திருக்கிறோம் என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு பிட்டை நான்கு பிட்டால் பெருக்கினால் ஏழு பிட்தான் வருகிறது, எட்டு வருவதில்லை. மேலே ஏற ஒன்றுமில்லை என்பதால் அந்த எட்டாவது இடம் எப்போதும் காலி. 64 பிட்டை 64 பிட்டால் பெருக்கினால் 127 பிட். 128 பிட் ரெஜிஸ்டரில் தலைமாட்டு பிட் எப்போதும் 0. இந்த ஒரு பிட் பின்னால் நம்மைப் படுத்தப் போகிறது.

கணிதம் படித்தவர்கள் இதைப் பல்லுறுப்புக் கோவைகளின் பெருக்கல் என்பார்கள். ஒவ்வொரு பிட்டும் ஓர் அடுக்கின் கெழு. கெழுக்கள் 0, 1 இரண்டே. 1-ம் 1-ம் சேர்ந்தால் 0. கூட்டலும் கழித்தலும் ஒன்றாகிவிடும் உலகம் அது. குறி மறந்துபோய் விடை தலைகீழாகும் கவலை அங்கே கிடையாது. சிப்புக்கும் சுகம்: 64-க்கு 64 என்று 4096 பிட் சோடிகளை அண்ட் செய்து, பத்தி பத்தியாக எக்ஸார் செய்தால் வேலை முடிந்தது. எந்தப் பத்தியும் இன்னொரு பத்திக்காகக் காத்திருப்பதில்லை.

முதலில் மெதுவான பதிப்பு

கட்டளையை அழைக்கும் வரியை எழுதுவதற்கு முன்னால் அதே வேலையை லூப்பில் செய்யும் பதிப்பை எழுதிவிடுங்கள். அ, ஆ என்ற இரண்டு 64 பிட் எண்களுக்கு அது இவ்வளவுதான்:

கீழ் = 0, மேல் = 0
இ = 0 முதல் 63 வரை:
   ஆ-வின் இ-வது பிட் 1 எனில்:
      கீழ் ^= அ << இ
      இ > 0 எனில்: மேல் ^= அ >> (64 − இ)

கடைசி வரியில் இருக்கும் ‘இ > 0 எனில்’ என்ற நிபந்தனையை அழகுக்காகப் போடவில்லை. இ பூச்சியமாக இருக்கும்போது 64 இடம் நகர்த்தச் சொல்கிறோம். 64 பிட் எண்ணை 64 இடம் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை சி மொழி வரையறுக்கவில்லை. இன்டெல் செயலியோ நகர்த்தும் எண்ணின் கடைசி ஆறு பிட்டை மட்டும்தான் பார்க்கும். 64 அதற்கு 0 ஆகத் தெரியும். பூச்சியம் வர வேண்டிய இடத்தில் முழு எண்ணும் வந்து உட்காரும். சரிபார்க்க எழுதிய பதிப்பிலேயே பிழை இருந்தால் அப்புறம் எதை நம்புவது?

பிசிஎல்முல்லை அழைப்பது

இன்டெல் இந்தக் கட்டளையை 2010-ல் வெஸ்ட்மியர் செயலிகளில் கொண்டுவந்தது. ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான கட்டளைகளும் அப்போதுதான் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஏஎம்டி 2011-ல் புல்டோசரில் சேர்த்தது. சி மொழியிலிருந்து அழைக்க கம்பைலர் தரும் உள்ளமைச் செயல்கூறு இருக்கிறது. அசெம்பிளி எழுத வேண்டியதில்லை.

அதற்கு மூன்று உள்ளீடு. முதல் இரண்டும் 128 பிட் ரெஜிஸ்டர்கள். ஆனால் பெருக்கப்படுவது 64 பிட்தான். ஆகவே ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் கீழ்ப்பாதியா மேல்பாதியா என்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது உள்ளீடான தேர்வு எண் அதைச் சொல்கிறது. அதன் 0-வது பிட் முதல் ரெஜிஸ்டரின் பாதியைத் தேரும், 4-வது பிட் இரண்டாவதன் பாதியைத் தேரும். எனவே பொருளுள்ள எண்கள் நான்கு: 0 என்றால் கீழும் கீழும், 1 என்றால் முதலாவதன் மேல், இரண்டாவதன் கீழ், 16 என்றால் முதலாவதன் கீழ், இரண்டாவதன் மேல், 17 என்றால் மேலும் மேலும்.

எல்லா ஆவணங்களிலும் இந்த 16-ம் 17-ம் பதினாறடிமான எண்ணாக, 10 என்றும் 11 என்றும்தான் அச்சாகியிருக்கும், முன்னால் பதினாறடிமானக் குறியோடு. அந்தக் குறியை ஒருமுறை விட்டுவிட்டு வெறும் 10 என்று எழுதியதால் நான் இரண்டு நாள் இழந்தேன். பத்து இருமத்தில் 1010. 0-வது பிட் 0, 4-வது பிட்டும் 0. செயலி அதை ‘கீழும் கீழும்’ என்று எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. என் சோதனை எண்கள் எல்லாம் சின்னவை. மேல்பாதியில் பூச்சியம்தான் இருந்தது. குறுக்குப் பெருக்கல்கள் பூச்சியமாகவே வர வேண்டும். வரவில்லை, ஏன் என்றும் புரியவில்லை. இரண்டாவது எண்ணை மேல்பாதி நிரம்பியதாகக் கொடுத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சோதனை எண்கள் இரண்டின் நான்கு பாதிகளிலும் வேறு வேறு மதிப்பு இருக்கட்டும். அன்றிலிருந்து நான் விடாமல் பின்பற்றும் விதி இது.

வேகத்தைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். விடை வர எத்தனை கடிகாரச் சுற்று ஆகும். அடுத்த பெருக்கலைத் தொடங்க எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும். 2011-ன் சாண்டி பிரிட்ஜில் முறையே ஏறக்குறைய 14, 8. 2013-ன் ஹாஸ்வெல்லில் 7, 2. அடுத்து வந்த பிராட்வெல்லில் 5, 1. ஒரே கட்டளை நான்கைந்து ஆண்டில் எட்டு மடங்கு தாராளமாகிவிட்டது. பழைய கட்டுரைகளில் ‘பிசிஎல்முல் மெதுவானது, தவிர்த்துவிடு’ என்று படித்தால் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

மேற்கோள் குறிகளுக்கு நடுவே

இந்தக் கட்டளையின் முழு அழகும் எனக்குப் புரிந்தது மறையாக்கத்தில் அல்ல. ஜேசான் கோப்பைப் படிக்கும் நிரலில். 64 எழுத்துகளை எடுத்து, எங்கெல்லாம் மேற்கோள் குறி இருக்கிறதோ அங்கே 1 வைத்து ஒரு 64 பிட் எண்ணை உருவாக்குகிறோம். எந்தெந்த எழுத்து மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக ‘உள்ளே, வெளியே’ என்று மாற்றிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி.

அதற்குப் பதில், அந்த எண்ணை எல்லா பிட்டும் 1 ஆன எண்ணால் இனமாற்றமில்லாமல் பெருக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன வரும்? அந்த இடத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கும் எல்லா 1-களின் எக்ஸார். அதாவது இதுவரை வந்த மேற்கோள் குறிகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது. ஒற்றைப்படை என்றால் உள்ளே இருக்கிறோம். எட்டு பிட்டில் பாருங்கள்: 1-வது, 5-வது இடங்களில் குறி இருந்தால் எண் 00100010. அதை 11111111-ஆல் பெருக்கிக் கீழ் எட்டு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டால் 00011110. திறக்கும் குறியிலிருந்து மூடும் குறிக்கு முந்தைய எழுத்துவரை 1. 64 எழுத்துக்கான கேள்விக்கு ஒரே கட்டளையில் பதில். ஜெஃப் லாங்டேலும் டேனியல் லெமயரும் 2019-ல் விவரித்த சிம்டிஜேசான் நிரலில் இந்த உத்திதான் இருக்கிறது. கிரே குறியீட்டைச் சாதாரண இருமமாக மாற்றும் வேலையும் இதே போன்றதுதான். திசை மட்டும் மாறும், மேல் பிட்டிலிருந்து கீழே வர வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று: ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கினால் பிட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று விலகி நிற்கும். 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 10101. நடுவே பூச்சியங்கள் தாமாக வந்து அமர்கின்றன. வரைபட ஆயங்கள் இரண்டின் பிட்டுகளைக் கோத்து ஒரே எண்ணாக்கும் வேலைக்கு இது கைகொடுக்கும்.

சரிபார்ப்பு எண்: சிஆர்சி

இனி கனமான பகுதி. சிஆர்சி என்பது கோப்பு முழுவதையும் ஒரே பெரிய எண்ணாகக் கருதி, குறிப்பிட்ட ஒரு வகுத்தியால் இனமாற்றமில்லாமல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. வெஸ்லி பீட்டர்சன் 1961-ல் கொடுத்த முறை. பழைய நிரல்கள் இதை அட்டவணை வைத்துச் செய்யும். ஒரு நேரத்தில் எட்டு பைட் விழுங்கும் அட்டவணைப் பதிப்புக்கு எட்டு அட்டவணை, ஒவ்வொன்றும் 256 வரிசை, வரிசைக்கு நான்கு பைட். மொத்தம் 8 கிலோபைட். முதல்நிலை கேஷ் 32 கிலோபைட் உள்ள செயலியில் கால்வாசி இடத்தைச் சரிபார்ப்புக்கே கொடுத்துவிடுகிறோம். உங்கள் தரவுக்கு உரிய இடம் அது.

பிசிஎல்முல் வழி வேறு. அதற்கு ‘மடித்தல்’ என்று பெயர். நம் பதின்ம எண்ணிலேயே அதைப் பார்த்துவிடலாம். 4523-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி என்ன? 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2 என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே முன்னால் இருக்கும் 45-ஐ 2-ஆல் பெருக்கிப் பின்னால் இருக்கும் 23-உடன் சேர்த்துவிடலாம்: 90 + 23 = 113. மறுபடி 1 × 2 + 13 = 15. மீதி 1. எங்கும் நீண்ட வகுத்தல் செய்யவில்லை. முன் பகுதியைப் பின் பகுதியின் மேல் மடித்துக்கொண்டே வந்தோம். முன்கூட்டிக் கணக்கிட்ட ஒரே மாறிலி போதுமாக இருந்தது.

நிரலிலும் அதுவே. 16 பைட் உள்ள ஒரு துண்டை 512 பிட் தள்ளி இருக்கும் துண்டின் மேல் மடிக்க வேண்டும் என்றால், மேல்பாதியை ஒரு மாறிலியாலும் கீழ்ப்பாதியை இன்னொரு மாறிலியாலும் பெருக்கி, இரண்டு விடையையும் அந்தத் துண்டோடு எக்ஸார் செய்தால் போதும். பெருக்கல் இரண்டு, எக்ஸார் இரண்டு. ஏன் 512 பிட் தள்ளி? நான்கு ரெஜிஸ்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்காக. விடை வர ஆறேழு சுற்று ஆகும், ஆனால் சுற்றுக்கு ஒரு புதிய பெருக்கலைத் தொடங்கலாம் என்னும்போது, ஒரே சங்கிலியாக ஓட்டினால் செயலி பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றையொன்று சாராத நான்கு சங்கிலிகள் அந்த இடைவெளியை நிரப்பும். லூப்பின் ஒரு சுற்றுக்கு 64 பைட். கோப்பின் முடிவில் நான்கையும் ஒன்றாக மடித்து, 128 பிட்டை 64 ஆக்கி, கடைசியில் 32 பிட் மீதியை எடுக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் படிக்கு பாரெட் முறை. பால் பாரெட் 1986-ல் கொடுத்தது. வகுத்தலுக்குப் பதிலாக இரண்டு பெருக்கல். சாதாரண எண்களில் பாரெட் முறையின் ஈவு ஒன்றிரண்டு தவறக்கூடும், கடைசியில் கழித்துத் திருத்த வேண்டும். இங்கே இனமாற்றமே இல்லாததால் ஈவு துல்லியமாகவே வரும். திருத்தும் வரியை யாராவது எழுதியிருந்தால் அது தேவையற்றது.

இப்போது எல்லோரும் விழும் பள்ளத்துக்கு வருவோம்: பிட்டுகளின் திசை. ஈதர்நெட், ஜிசிப், பிஎன்ஜி எல்லாம் கையாளும் சிஆர்சி-32-ல் ஒவ்வொரு பைட்டின் கடைசி பிட்தான் உயர்ந்த அடுக்கு. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் தலைகீழ். பெருக்கல் தலைகீழிலும் வேலை செய்யும், ஒரு பிட் விலகலோடு. விடை 127 பிட். 128 பிட் ரெஜிஸ்டரில் காலி இடம் தலைமாட்டில் இருக்கிறது. தலைகீழ்க் கணக்கிலோ அது மறுமுனையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே தலைகீழ் எண்களைப் பெருக்கினால் வரும் விடையை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு விடையையும் நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள். மாறிலியை ஒருமுறை நகர்த்தி வைத்துவிடுங்கள். லூப்புக்குள் செலவே இல்லை.

மாறிலிகளும் திசைக்குத் தக்க மாறும். நேர்த் திசையில் 512 பிட் மடிப்புக்கு 576, 512 என்ற அடுக்குகளின் மீதிகள் வேண்டும். தலைகீழ்த் திசையில் 32 பிட் மீதி 64 பிட் அறையின் மறுமுனையில் ஒட்டிக்கொள்வதால் இரண்டிலும் 32 குறைந்து 544, 480 ஆகிவிடும். ஒரு நிரலிலிருந்து மாறிலியையும் இன்னொன்றிலிருந்து லூப்பையும் எடுத்து ஒட்டினால் விடை வராது. மாறிலிகளை நகலெடுக்காமல், அவற்றைக் கணக்கிடும் சிறு நிரலை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

‘சிஆர்சிக்கென்றே இன்டெல்லில் தனிக் கட்டளை இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா?’ என்று கேட்கலாம். 2008-ல் நெஹலெம் செயலியோடு வந்த அந்தக் கட்டளை காஸ்டக்னோலி வகுத்தியை மட்டுமே அறியும். ஐஸ்கசி, பிடிஆர்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஜிசிப்புக்கும் பிஎன்ஜிக்கும் பொருந்தாது, வகுத்தி வேறு. பிசிஎல்முல்லின் பெருமையே எந்த வகுத்திக்கும் மாறிலியை மாற்றினால் போதும் என்பதுதான்.

முத்திரை: ஜிசிஎம்

ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் செய்தியை மறைப்பது ஏஇஎஸ். அதை வழியில் யாரும் தொடவில்லை என்று முத்திரையிடுவது ஜிஹாஷ். மெக்ரூவும் வியேகாவும் வடிவமைத்ததை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2007-ல் தரமாக வெளியிட்டது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3-ல் 128 பிட் ஏஇஎஸ்-ஜிசிஎம் கட்டாயம். ஜி என்ற எழுத்து கால்வாவுக்கு, 1832-ல் இருபது வயதில் இறந்துபோன அந்த பிரெஞ்சு இளைஞருக்கு உரியது.

சிஆர்சி தற்செயலான பிழையைத்தான் பிடிக்கும். வேண்டுமென்றே திருத்துகிறவன் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்துத் திருத்திவிடுவான். ஜிஹாஷில் அது முடியாது, ஏனென்றால் பெருக்குகிற எண்ணே ரகசியம். ரகசியத் திறவுகோலிலிருந்து பிறந்த 128 பிட் எண்ணால் ஒவ்வொரு துண்டையும் பெருக்கி, அடுக்குகள் 128, 7, 2, 1, 0 கொண்ட வகுத்தியால் மீதி எடுக்க வேண்டும்.

128 பிட்டைப் பெருக்க 64 பிட் பெருக்கல் நான்கு வேண்டும். 1960-ல் தம் 23-வது வயதில் அனத்தோலி கரட்சுபா கண்டுபிடித்த வழியில் மூன்று போதும்: மேல்களைப் பெருக்கு, கீழ்களைப் பெருக்கு, மேலும் கீழும் சேர்ந்தவற்றைப் பெருக்கி முதல் இரண்டையும் அதிலிருந்து எடு. இங்கே ‘சேர்’, ‘எடு’ இரண்டுமே எக்ஸார்தான். பெருக்கலுக்கு எட்டு சுற்று காத்திருந்த காலத்தில் இது பெரிய சேமிப்பு. சுற்றுக்கு ஒன்று தொடங்க முடிகிற செயலியில் மிச்சமாகும் ஒரு பெருக்கலைக் கூடுதல் எக்ஸார்களே தின்றுவிடலாம். உங்கள் இயந்திரத்தில் இரண்டையும் ஓட்டி அளந்து முடிவெடுங்கள்.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் மீதி எடுக்காதீர்கள். ரகசிய எண்ணின் இரண்டாம், மூன்றாம், நான்காம் அடுக்குகளை முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், நான்கு துண்டுகளைத் தனித்தனியாகப் பெருக்கி, விடைகளை எக்ஸார் செய்து, மீதியை ஒரே ஒரு முறை எடுக்கலாம்.

ஜிஹாஷுக்கு அட்டவணைப் பதிப்பும் உண்டு. அதை மறந்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அட்டவணையின் எந்த வரிசையைப் படிக்கிறோம் என்பது ரகசியத்தைச் சார்ந்தது. அந்த வரிசை கேஷில் இருக்கிறதா இல்லையா என்பதால் நேரம் மாறும். அதே இயந்திரத்தில் ஓடும் இன்னொரு நிரல் அந்த நேரத்தை அளந்தே ரகசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க முடியும். பிசிஎல்முல் எந்த அட்டவணையையும் தொடுவதில்லை. எண் எதுவானாலும் ஒரே நேரம். இங்கே வேகம் இரண்டாம்பட்சம். பாதுகாப்புக்காகவே இந்தக் கட்டளை வேண்டும்.

மற்ற சிப்புகளில்

ஆர்ம் 64 பிட் செயலிகளில் இதன் பெயர் பிமுல். கீழ்ப்பாதிகளுக்கு பிமுல், மேல்பாதிகளுக்கு பிமுல்2. குறுக்குப் பெருக்கலுக்குத் தேர்வு எண் கிடையாது. பாதிகளை நீங்கள்தான் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். 64 பிட் பிமுல் எல்லா ஆர்ம் சிப்பிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மறையாக்க விரிவாக்கத்தை வாங்கிச் சேர்த்த சிப்பில்தான் இருக்கும். ராஸ்பெரி பை 4-ல் இல்லை, பை 5-ல் உண்டு. பை 4-ல் சிஆர்சிக்கென்ற தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ஆர்மின் அந்தக் கட்டளைகள் இரண்டு வகுத்திகளையும் அறியும் என்பதால் அங்கே சிஆர்சிக்கு அவையே போதும்.

ரிஸ்க்-5 இதில் எனக்கு மிகப் பிடித்தது. 2021-ல் உறுதியான அதன் பிட் விரிவாக்கத்தில் மூன்று கட்டளைகள்: விடையின் கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேல்பாதிக்கு ஒன்று, தலைகீழ்க் கணக்குக்கென்றே ஒன்று. மேலே சொன்ன ஒரு பிட் விலகலை அந்த மூன்றாவது கட்டளை தானே பார்த்துக்கொள்ளும். வடிவமைத்தவர்கள் இந்தப் பள்ளத்தில் ஒருமுறையாவது விழுந்து எழுந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஐபிஎம்மின் பவர் 8-லும் இத்தகைய கட்டளைகள் உண்டு.

இன்டெல் பக்கத்தில் 2019-ன் ஐஸ் லேக்கிலிருந்தும் ஏஎம்டியில் 2020-ன் ஜென் 3-லிருந்தும் அகல ரெஜிஸ்டர்களில் ஒரே நேரத்தில் பல பெருக்கல் செய்யும் பதிப்பு வந்துவிட்டது. சின்னத் துண்டுகளுக்கு அது தேவையில்லை.

இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழையுங்கள்

கட்டளை இல்லாத செயலியில் அழைத்தால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஆகவே நிரல் ஓடத் தொடங்கும்போதே கேளுங்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் சிபியூஐடி கட்டளையை 1 என்ற எண்ணோடு அழைத்தால் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரின் 1-வது பிட் பதில் சொல்லும். அகலப் பதிப்புக்கு எண் 7, ஈசிஎக்ஸின் 10-வது பிட். அதோடு அந்த அகல ரெஜிஸ்டர்களை இயங்குதளம் அனுமதிக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஜிசிசி கம்பைலரில் இதற்கென்று தயார் செயல்கூறு இருப்பதால் கையால் பிட் பார்க்க வேண்டியதில்லை. செயலியின் பெயரை வைத்து முடிவெடுக்கவே கூடாது. மேகக் கணினிகளில் மெய்நிகர் இயந்திரத்தை நடத்தும் மென்பொருள் இந்த வசதியை மறைத்து வைக்கக்கூடும். சிப்பில் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது.

கம்பைலர் கொடியை நிரல் முழுவதற்கும் போடாமல், அந்த ஒரு செயல்கூற்றுக்கு மட்டும் இலக்குக் குறிப்பாகக் கொடுங்கள். மீதி நிரல் பழைய இயந்திரத்திலும் ஓடும்; வசதி இருந்தால் வேகப் பதிப்பு, இல்லாவிட்டால் மெதுவான பதிப்பு.

சோதனைக்கு வைத்துக்கொள்ள இரண்டு எண்கள் தருகிறேன். 1 முதல் 9 வரையிலான ஒன்பது இலக்கங்களை எழுத்தாக, ‘123456789’ என்று கொடுத்தால், ஈதர்நெட் சிஆர்சி-32-ன் விடை பதின்மத்தில் 3421780262. காஸ்டக்னோலி வகையில் 3808858755. முதல் எண் வர வேண்டிய இடத்தில் இரண்டாவது வந்தால் வகுத்தியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வராவிட்டால் பிட் திசையையும், தொடக்கத்தில் எல்லா பிட்டையும் 1 ஆக்கி முடிவில் புரட்டினீர்களா என்பதையும் பாருங்கள். ஒன்பது பைட்டில் மடிக்கும் லூப் ஒரு முறைகூட ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். 15, 16, 17, 63, 64, 65, 127, 128, 129 பைட் நீளங்களில் தற்செயல் தரவைக் கொடுத்து, வேகப் பதிப்பின் விடையையும் மெதுவான பதிப்பின் விடையையும் ஒப்பிடுங்கள். பிழைகள் ஒளிந்திருப்பது இந்த ஓரங்களில்தான்.

வேலை முடிந்ததும் அந்த மெதுவான லூப்பை அழித்துவிடாதீர்கள். நிரலோடு அதே கோப்பில் வைத்திருங்கள். இன்னும் ஐந்து ஆண்டு கழித்து வேறொரு சிப்புக்கு இந்த நிரலை மாற்றப் போகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.